எட்டடிக்கு மூன்றடி

மாங்குளம் சந்தியில் எங்கள் பிளெக்ஸ் கடை.
கரண்ட் இருந்தால் கடை,
இல்லாவிட்டால் மை நாறும் ஓர் அறை.

பென்டிரைவ் ஒன்றில் வந்தது அந்த எழுத்துரு.
பெயர் பட்டத்தானை.
மெல்லிய கோடு என்ற ஒன்றையே அறியாதது.
ககரத்தின் வயிற்றில் ஒரு வாளி தண்ணீர் பிடிக்கும்.
சுழியெல்லாம் முறுக்கிய மீசை.
கோடு நிலத்தைத் தொடும் இடத்தில்
தட்டையாய், அகலமாய், ஒரு பாதம்.
நகைக்கடைக்கும் தேர்த்திருவிழாவுக்கும்
பழங்காலத்துச் சோடாப் போத்தலுக்கும்
என்று நினைத்துச் செய்திருப்பார்கள்.
எங்கள் பக்கத்து ஆனைக்குப் பட்டம் கிடையாது,
இரவில் வந்து வாழை முறிக்கும்.
ஆறு மாதம் அதை ஒருவரும் கேட்கவில்லை.
இங்கே ஆட்களுக்கு வேண்டியது
போன் நம்பர் தெரிவது.

யோகாம்பாள் வந்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம்.
பனிக்கன்குளத்தில், ரோட்டுக்கரையில், சாப்பாட்டுக்கடை.
அளவை உள்ளங்கையில் பேனையால் எழுதியிருந்தா:
எட்டடிக்கு மூன்றடி.
பதினொரு எழுத்துரு காட்டினேன்.
"உது காய்ச்சல்காரன் மாதிரி."
"இது கலியாணக் காட்டு."
"இது ஆஸ்பத்திரி, வேண்டாம்."
பன்னிரண்டாவதாய்த் திரை நிறைய
யோ வந்து உட்கார்ந்தது.
அவ கதிரையை முன்னுக்கு இழுத்தா.
"இது நிக்குது," என்றா.

"இதென்ன, அரவுக்கு இவ்வளவு பெரிய அடி?"

நாங்கள் பள்ளியில் அரவு என்றுதான் படித்தோம்.
செய்தவர் எவரோ, எந்த ஊரோ,
கோப்புக்குள் அதற்கு வேறு பெயர் வைத்திருந்தார்.
வாசித்துக் காட்டினேன்: துணைக்கால்.

சொன்ன பிறகுதான் மேசைக்குக் கீழே பார்த்தேன்.
செருப்பு இரண்டும் ஒரே நிறம்.
ஒன்றில் மட்டும் விரல்கள் அசையவில்லை.

அவ சிரித்த சிரிப்புக்கு
பிரிண்டரடியில் நின்ற பெடியன் திரும்பிப் பார்த்தான்.
"எத்தினை கிடக்கு என்ர போட்டில?"
எண்ணினோம்.
யோவுக்குப் பின்னால் ஒன்று ஒளிந்திருந்தது.
பிறகு கா, பா. சாப்பாட்டில் இரண்டு.
"அஞ்சு! எனக்கு ஒண்டுதான் தந்தவை."

ஆனால் எட்டடிக்குள் அடங்கவில்லை.
இரண்டு பக்கமும் நெருக்கினேன்,
பாதங்கள் ஒன்றையொன்று மிதித்தன.
பாதத்தைச் சீவி விடுவோம் அக்கா,
ஒருத்தருக்கும் தெரியாது என்று
சொல்லி முடிக்கும்போதே நாக்கைக் கடித்தேன்.
அவ திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தா.
"உந்த ளன்னாவை எடு.
என்னைக் கூப்பிடுற ஒருத்தரும் ளன்னா சொல்லுறேல்லை."

யோகாம்பா.
இன்னும் நாலு அங்குலம் வெளியே,
கடைசி அரவின் பாதம்.
"அது கிடக்கட்டும். சட்டத்தைச் சுத்தி மடிச்சு அடி."

கீழே சிங்களம், பஸ் சாரதிகளுக்கு.
பட்டத்தானைக்குச் சிங்களம் தெரியாது.
ஒரு மெலிந்த எழுத்தில் போட்டேன்.
அந்த வரிக்கு மட்டும்
விலை குறைக்கச் சொன்னா.

வாடைக்காற்று தொடங்கிய கிழமை
கிளிநொச்சியிலிருந்து வந்துகொண்டிருந்தேன்.
அந்தத் துண்டு ரோட்டோரம் முன்பு
வேறு பலகைகள் இருந்தன.
சிவப்பில் ஒரு மண்டையோடு, ஒரு சொல்.
என்ன எழுத்துரு அது,
இன்றுவரை எனக்குத் தெரியாது.

முறிகண்டி கழிந்து கொஞ்சத் தூரம்.
மழைக்குள் பெயர் இன்னும் தெரியவில்லை.
சட்டத்தின் விளிம்பில், மஞ்சளாய்,
பாதம் மட்டும்.
எவரோ வாசற்படியில் ஒரு காலை வைத்து
ரோட்டைப் பார்ப்பதுபோல.

சாரதி பிரேக்கை மிதித்தான்.
அவனுக்குத் தமிழ் வாசிக்க வராது.
பசி.